ஜாக்கி இரண்டாகப் பிரியும் கதை: அது புலித் தாயத்து

சுட்டி டிவியில் தமிழில் வந்த ஜாக்கி சான் கார்ட்டூனில் ஜாக்கி நல்லவர், கெட்டவர் என்று இரண்டு ஆளாகப் பிரிவாரே, அது எந்தப் பகுதி, மகளுக்குக் காட்டணும் என்று கேட்டிருந்தீர்கள். முதல் சீசனில் வரும் புலித் தாயத்துப் பகுதிதான் அது. மொத்தம் 12 தாயத்து, ஒவ்வொன்றிலும் ஒரு விலங்கு. புலியின் சக்தி சமநிலை, அதனால் இரண்டு பாதியையும் சேர்த்தால்தான் மறுபடி ஒரே ஜாக்கி. கண்டனூரில் ஆச்சி வீட்டுப் பட்டாலையில், ஆத்தங்குடிக் கல்லின் குளுமையில் குப்புறப் படுத்து, கையில் பாதி கடித்த வெள்ளைப் பணியாரத்தோடு பார்த்தேன், கெட்ட ஜாக்கி சிரித்ததும் பணியாரத்தைத் தின்ன மறந்துவிட்டேன். ‘தி டைகர் அண்ட் தி புஸிகேட்’ (The Tiger and the Pussycat) என்ற ஆங்கிலத் தலைப்பில் தேடுங்கள். மகள் சின்னப் பிள்ளை என்றால் முதல் தடவை கூடவே உட்காருங்கள், அப்புறம் அவளே திரும்பப் போடச் சொல்வாள்.