நனைந்தபின் முக்காடு

அன்புள்ள ஐயா,

உங்கள் எழுத்தை ஆறேழு ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். புகைப்பழக்கத்தை விட்டதைப் பற்றி ஒரு கட்டுரையின் நடுவே இரண்டே வரி எழுதியிருந்தீர்கள். அந்த இரண்டு வரியை நம்பித்தான் இந்தக் கடிதம்.

18 ஆண்டுகள் புகைத்தேன். தனியாக நான்கு முறை விட முயன்றேன், நான்கு முறையும் ஒரு வாரத்தைத் தாண்டவில்லை. இம்முறை நண்பர் ஒருவர் தன் குழுவில் சேர்த்துவிட்டார். எல்லோரும் ஒரு காலத்தில் புகைத்தவர்கள். வாரம் ஒருநாள் கூடுவோம். இடையில் தவிப்பு வந்தால் யாரையாவது தொலைபேசியில் அழைக்கலாம். கூட்டத்தில் ஒவ்வொருவரும் தன் நாள் கணக்கைச் சொல்வார், மற்றவர்கள் கைதட்டுவார்கள். முதலில் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றியது. பிறகு அந்தக் கைதட்டலுக்காகவே வாரம் முழுக்கக் காத்திருந்தேன்.

41-ஆவது நாள் அலுவலகத்தில் ஒரு மனக்கசப்பு. வெளியே வந்து நின்றேன். உடன் வேலை செய்பவர் ஒன்றை நீட்டினார், வாங்கிவிட்டேன். பாதியில் அணைத்தும் விட்டேன். அந்த வாரக் கூட்டத்தில் “45” என்று சொன்னேன். கைதட்டினார்கள். வீடு திரும்பும் வழியில் நானே ஒன்று வாங்கிப் புகைத்தேன். இப்போது என் கணக்கு 60 என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தினமும் மூன்று புகைக்கிறேன்.

இனி அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? சொல்லாமல் விலகிவிடலாமா? ஒருவரையொருவர் இப்படி உற்சாகப்படுத்துவதில் உண்மையிலேயே பயன் உண்டா, இல்லை வெறும் முதுகுதட்டல்தானா? மனவலிமை உள்ளவன் தனியாகவே விட்டுவிடுவான். இல்லாதவனுக்குக் கூட்டம் என்ன செய்துவிடும்?

பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புடன்,
க.

•

அன்புள்ள க.,

முதலில் கணக்கைச் சரிசெய்துகொள்வோம். நீங்கள் 40 நாட்கள் புகைக்காமல் இருந்திருக்கிறீர்கள். அந்த நாட்களை யாரும் உங்களிடமிருந்து பிடுங்கிக்கொள்ளவில்லை. இதற்குமுன் ஒரு வாரத்தைத் தாண்டாதவர் நீங்கள்.

உங்கள் கடிதத்தில் இரண்டு சிகரெட்டுகள் வருகின்றன. முதலாவதை ஒருவர் நீட்டினார், அதையும் நீங்கள் பாதியில் அணைத்துவிட்டீர்கள். இரண்டாவதை நீங்களே தேடிப்போய் வாங்கினீர்கள். இரண்டுக்கும் நடுவே நடந்தது ஒன்றே ஒன்று: “45” என்ற சொல்லும் அதற்குக் கிடைத்த கைதட்டலும். அலுவலக வாசலில் நீங்கள் சறுக்கினீர்கள். விழுந்தது கூட்டம் நடந்த அறையில்.

ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைத்தான் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். விரதம் கலைந்த உடனே மனிதனுக்குள் ஒரு குரல் எழுகிறது. ‘நான் இவ்வளவுதான், இனி என்ன இருக்கிறது’ என்று அது சொல்கிறது. சறுக்கிய ஒரு கணத்தை முழு வீழ்ச்சியாக மாற்றுவதில் அந்தக் குரலுக்குப் பெரும்பங்கு உண்டு என்பது அவர் கண்டது. அதற்கு அவர் நீளமான ஒரு பெயர் வைத்தார். நம்மிடம் ஏற்கனவே பழமொழி இருக்கிறது: நனைந்தபின் முக்காடு எதற்கு. நீங்கள் செய்தது அதைவிடச் சிக்கலானது. நனைந்தபின் முக்காடும் போட்டுக்கொண்டீர்கள், நனையவே இல்லை என்று காட்டுவதற்காக.

இதனால் அந்தப் பாதி சிகரெட் அற்பம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒன்றிரண்டு இழுப்புகளே மூளையில் நிகோடின் வந்து ஒட்டிக்கொள்ளும் இடங்களான முக்கிய ஏற்பிகளில் பாதியை நிரப்பிவிடுகின்றன, அது மூன்று மணிநேரம் வரை நீடிக்கிறது என்று 2006-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. புகைப்பவரின் மூளையில் அளவுக்கு மீறிப் பெருகியிருக்கும் அந்த ஏற்பிகள், புகைக்காதவரின் அளவுக்கு இறங்க ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகின்றன. நீங்கள் நின்றுகொண்டிருந்தது ஆறாவது வாரத்தில். ‘ஒரு இழுப்பும் கூடாது’ என்று விட்டவர்கள் மந்திரம்போலச் சொல்வதை நானும் ஒருகாலத்தில் மிகைப்பேச்சு என்று நினைத்திருக்கிறேன்.

இனி மனவலிமைக்கு வருகிறேன். எந்தத் துணையும் இல்லாமல் விட முயலும் நூறு பேரில், ஆறு மாதமோ ஓராண்டோ கழித்தும் புகைக்காமல் இருப்பவர்கள் மூன்றிலிருந்து ஐந்து பேர். மீதி தொண்ணூற்றைந்து பேரும் கோழைகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களில் பிள்ளை பெற்றவர்கள் இருப்பார்கள், கடனை அடைத்தவர்கள், படுத்த படுக்கையாகக் கிடந்த பெற்றோரைப் பார்த்துக்கொண்டவர்கள் இருப்பார்கள். குழுவாகச் சேர்ந்து விடுவதைப் பற்றிய சோதனைகளையெல்லாம் தொகுத்து 2017-இல் காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பு வெளியிட்ட மதிப்பீடு, கையேட்டைப் படித்துத் தனியாக முயல்பவர்களைவிடக் குழுவில் முயல்பவர்களின் வெற்றி ஏறக்குறைய இருமடங்கு என்கிறது. அவை பயிற்சி பெற்றவர்கள் நடத்தும் குழுக்கள், உங்களுடையது போன்றவை அல்ல. இருமடங்கு ஆனாலும் பெரும்பாலோர் முதல் முறையில் தோற்கத்தான் செய்கிறார்கள். குழு மருந்துக்கு மாற்றும் இல்லை. நிகோடின் பட்டை, மெல்லும் பசை, மாத்திரை எல்லாம் இருக்கின்றன. மருத்துவரைக் கேளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னோர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. ஃப்ராமிங்ஹாம் என்ற அமெரிக்க ஊரை மையமாகக் கொண்டு 12,067 பேரின் புகைப்பழக்கத்தை 1971 முதல் 2003 வரை பின்தொடர்ந்து, 2008-இல் வெளியிட்டார்கள். மனிதர்கள் ஒற்றை ஒற்றையாக விடவில்லை, கொத்துக்கொத்தாக விட்டிருக்கிறார்கள். கணவனோ மனைவியோ விட்டால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 சதவீதம் குறைகிறது. நண்பர் விட்டால் 36 சதவீதம். சிறிய அலுவலகமாக இருந்து உடன் வேலை செய்பவர் விட்டால் 34 சதவீதம். உங்களிடம் சிகரெட்டை நீட்டிய கையை இந்த வரியில் வைத்துப் பாருங்கள். அவர் கெட்டவர் அல்லர், உங்களைச் சுற்றியுள்ள உறவு வலையில் ஒரு கண்ணி. உங்கள் குழு அதற்கு எதிராக நீங்கள் பின்னிக்கொண்ட இன்னொரு வலை. அதை அறுத்துக்கொண்டு விலகினால் எஞ்சியிருப்பது பழைய வலை மட்டும்தான்.

முதுகுதட்டலைப் பற்றி உங்களுக்கு இருக்கும் சந்தேகம் எனக்கும் உண்டு. நான் விட்டது பதினொரு ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு குழுவோடுதான். அங்கே எனக்கு மிகவும் உதவியவர் ஒருமுறைகூடக் கைதட்டியதில்லை. வயதானவர், ஏழுமுறை விட்டு ஏழுமுறை திரும்பியவர். யாராவது சறுக்கியதாகச் சொன்னால் அவர் கேட்பதெல்லாம் இதுதான்: “எங்கே நின்றுகொண்டிருந்தீர்கள்? கையில் என்ன இருந்தது? அதற்குச் சற்று முன்னால் யாரிடம் பேசினீர்கள்?” குற்றம் கண்டுபிடிக்கும் தொனியே இருக்காது, தொலைந்த சாவியைத் தேட உதவுபவரைப்போலக் கேட்பார். பன்னிரண்டாம் நாள் இரவு நான் அவரை அழைத்தேன். தன் வீட்டுக் கூரை ஒழுகுவதைப் பற்றிப் பத்து நிமிடம் புலம்பினார். எனக்குக் கோபமே வந்துவிட்டது. பிறகு, “இப்போது எப்படி இருக்கிறது?” என்றார். தவிப்பு போயிருந்தது. ஓர் அலை பொதுவாகச் சில நிமிடங்களே நீடிக்கும். அந்தச் சில நிமிடங்களுக்கு ஒரு கூரை போதுமானதாக இருந்தது.

காப்பியைக் குறைக்கச் சொன்னவரும் அவர்தான். பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன், சரியான யோசனை. புகையில் உள்ள சில பொருட்கள் கல்லீரல் காஃபீனை வேகமாகச் சிதைக்கும்படி செய்கின்றன. புகையை நிறுத்தினால் அதே அளவு காப்பி உடலில் அதிக நேரம் தங்குகிறது. படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் வரும், நிகோடின் கேட்கிறது என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

இத்தகைய குழுக்களின் மூதாதையான ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ 1935-இல் குடிகாரர்களுக்காகத் தொடங்கியது. அதன் நிறுவனர்களில் ஒருவரான பில் வில்சன், தான் குடிக்காமல் இருக்க வேண்டுமானால் இன்னொரு குடிகாரனிடம் பேசியாக வேண்டும் என்று கண்டுகொண்டார். இன்னொருவனைத் திருத்துவதற்காக அன்று, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள. உதவுபவனுக்கே உதவியின் பெரும்பயன் போய்ச்சேரக்கூடும் என்று 1965-இல் ஃப்ராங்க் ரீஸ்மன் என்ற சமூக உளவியலாளர் இதைக் கோட்பாடாகவே எழுதினார். ஆனால் அதே வில்சன் கடும் புகைப்பாளர். 1971-இல் அவர் இறந்தது நுரையீரல் நோயால். குடிக்குத் தேடிய துணையை அவர் சிகரெட்டுக்குத் தேடவில்லை. அதே வழியில் புகைப்பவர்களுக்கான குழுக்கள் உருவாகியது 1980-களில்தான்.

உங்கள் குழுவிடமும் ஒரு குறை இருக்கிறது. அந்த இரண்டு மாதங்களில் அங்கே வேறு யாராவது ‘நான் புகைத்துவிட்டேன்’ என்று சொன்னார்களா? உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. பத்துப் பேர் கூடும் இடத்தில் இரண்டு மாதம் ஒருவர்கூடச் சறுக்கவில்லை என்றால் என்னால் நம்ப முடியாது. எண்ணுக்கு மட்டும் கைதட்டும் இடத்தில் எண்ணைத்தான் சொல்வார்கள். உங்களைப்போலவே இன்னொருவர் அங்கே உட்கார்ந்து, உங்களுடைய 60-ஐப் பார்த்துக் கூசிக்கொண்டிருக்கக்கூடும்.

வாரக் கூட்டம்வரை காத்திருக்க வேண்டாம். மறுபடி விட்டுவிட்டு, நான்கைந்து நாள் சுத்தமாக இருந்துகாட்டி, அதன்பிறகு சொல்லலாம் என்று ஒரு திட்டம் உங்கள் மனத்தில் இருக்கும், எனக்கும் இருந்தது. அதை விட்டுவிடுங்கள். உங்களைக் குழுவில் சேர்த்த நண்பரை இன்று இரவே அழையுங்கள். ‘41-ஆவது நாள் புகைத்தேன், 45 என்று பொய் சொன்னேன், இப்போது தினமும் மூன்று’ என்று சொல்லுங்கள், விளக்கம் எதுவும் வேண்டாம். அவர் எடுக்கவில்லை என்றால் அடுத்த எண்ணை அழையுங்கள்.

இனி எண்ணிக்கையை ஒன்றிலிருந்து தொடங்குவதா, 40-ஐ வைத்துக்கொண்டு தொடர்வதா என்பதை அவர்களிடமே கேளுங்கள். எங்கள் குழுவில் இதைப்பற்றி ஒருமுறை ஒரு மணிநேரம் சண்டை நடந்தது. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை, அந்த ஒரு மணிநேரம் யாரும் புகைக்கவும் இல்லை.

அன்புடன்