கேஷ் உள்ளே போயாச்சு

அன்புள்ள சார்,

உங்கள் வங்கிக் கதைகள் எல்லாவற்றையும் படித்திருக்கிறேன். எனக்கு 37 வயது. சென்னையில் மென்பொருள் வேலை. கிளையண்ட் நியூயார்க்கில். மதியம் 1 மணிக்கு லேப்டாப்பைத் திறந்தால் இரவு 10 மணி வரை என்று பேர், 11.30 வரை இழுத்துவிடும். அவர்களுக்குக் காலை 11 மணி என்றால் எங்களுக்கு இரவு 8.30. அப்போது தினமும் ஒரு மீட்டிங்.

எழுத வேண்டும் என்று பத்து வருடமாக ஆசை. இந்த ஜனவரியில் வைராக்கியமாக ஆரம்பித்தேன். விடிகாலை 4.30-க்கு எழுவது, பச்சைத் தண்ணீரில் குளியல், தியானம், 20 பக்கம் வாசிப்பு, ஒரு பக்கம் எழுத்து என்று மொத்தம் 11 பழக்கங்கள். ஒவ்வொன்றுக்கும் மொபைல் ஆப்பில் டிக் போட வேண்டும். என் மனைவியும் கூடவே எழுந்து காபி போட்டுத் தந்தாள். 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்றார்கள். 22 நாள் செய்தேன். 23-ஆம் நாள் எழ முடியவில்லை. அதோடு எல்லாம் போயிற்று. இப்போது பையனை எட்டு மணிக்கு ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு மதியம் வரை செல்போனைத் தள்ளிக்கொண்டே கிடக்கிறேன். என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

கேஷ் கவுண்டரில் உட்கார்ந்துகொண்டே இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தினசரி ஒழுங்கு என்ன? வேலைக்கும் வாழ்க்கைக்கும் சமநிலை எப்படிக் கிடைத்தது?

ர., சென்னை

*

அன்புள்ள ர.,

முதல் தடவை படித்தபோது பாவமாக இருந்தது. இரண்டாம் தடவை கொஞ்சம் கோபம் வந்தது. பையன் எட்டு மணிக்கு வேன் ஏறுகிறான். உங்கள் வேலை ஒரு மணிக்கு. நடுவில் ஐந்து மணி நேரம், வீடு அமைதியாக, வெளிச்சமாக, உங்களுக்கே உங்களுக்கென்று கிடக்கிறது. அதை விட்டுவிட்டு விடிகாலை நாலரையைப் பிடிக்கப் போயிருக்கிறீர்கள். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பது இதுதான்.

11.30-க்கு லேப்டாப்பை மூடினால் 12 மணிக்காவது படுப்பீர்களா? நாலரைக்கு எழுந்தால் நாலரை மணி நேரத் தூக்கம். பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்கிறார்கள் தூக்க மருத்துவர்கள். 22 நாள் தாக்குப்பிடித்ததே பெரிது. 23-ஆம் நாள் தோற்றது உங்கள் மன உறுதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அன்றைக்கு உங்கள் உடம்பு உங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

அந்த 21 நாள் கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்று ஒரு அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன். மூக்கை மாற்றிக்கொண்டவர்களுக்கு அந்தப் புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960-இல் எழுதினார். நாளடைவில் அந்தக் 'குறைந்தது' உதிர்ந்துபோய், மூக்கும் உதிர்ந்துபோய், வெறும் 21 மட்டும் மிஞ்சியது. உண்மையாகவே எண்ணிப் பார்த்தவர் பிலிப்பா லாலி. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் அவரும் சக ஆய்வாளர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்து 2010-இல் வெளியிட்டார்கள். பழக்கம் படிய சராசரியாக 66 நாள். சிலருக்கு 18 நாள் போதும். சிலருக்கு 254 நாள் வரை ஆகலாம் என்று கணக்குக் காட்டினார்கள். உங்களுக்கு வேண்டிய விஷயம் வேறு இரண்டு. ஒன்று, நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிதாக எதுவும் கெடவில்லை. இரண்டு, அந்த 96 பேரும் ஆளுக்கு ஒரே ஒரு பழக்கத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள். மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், அந்த மாதிரி. நீங்கள் 11.

அதிகாலையில் எழுந்து எழுதிய ஆட்களுக்கெல்லாம் தாத்தா ஆண்டனி டிராலப். இங்கிலாந்தின் தபால் இலாகாவில் 1834 முதல் 1867 வரை வேலை பார்த்தவர். வேலையில் இருந்துகொண்டே நாவல் நாவலாக எழுதித் தள்ளினார். ஆயுளில் மொத்தம் 47. காலை ஐந்தரைக்கு மேஜையில் இருப்பார். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணி நேரத்துக்கு 250 வார்த்தை. இதை எல்லோரும் சொல்வார்கள். அவர் இறந்த மறு வருடம், 1883-இல் வெளிவந்த தன்வரலாற்றில் அவரே சொல்லும் இன்னொன்றை மட்டும் விட்டுவிடுவார்கள். அவரை எழுப்பிக் காபி கொண்டுவந்து தர ஒரு வயதான குதிரைக்காரர் இருந்தார். இந்த வேலைக்கென்றே அவருக்கு வருஷத்துக்கு 5 பவுண்டு தனியாகக் கொடுத்தார் டிராலப். அந்த மனிதர் ஒரு நாள் கூடத் தாமதித்ததில்லை, என் வெற்றிக்கு வேறு யாரையும்விட அவருக்கே நான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறார்.

உங்கள் கடிதத்திலும் ஒரு காபி வருகிறது. ஒரே வரியில் வந்து போய்விடுகிறது. அந்த 22 நாளும் உங்கள் மனைவி எத்தனை மணிக்குப் படுத்தார், பகலில் அவருக்கு என்ன வேலை, நீங்கள் எழுதவில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். என் ஒழுங்கைக் கேட்கிறீர்கள். முதல் எட்டு வருஷம் ஒழுங்கே கிடையாது. ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்காருவேன். ஒன்று, இரண்டு மணி வரைக்கும் எழுதுவேன். அதில் ஒரு பெருமை வேறு. 1993-இல் ஒரு நாள், முந்தின ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு கதையை முடித்த மிதப்பில் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். ஒருவருக்கு 20 ரூபாய் பாக்கெட் ஒன்று கொடுக்க வேண்டும். 50 ரூபாய் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டேன். பாக்கெட்டுக்கு 100 நோட்டு. 2,000 ரூபாய் போக வேண்டிய இடத்தில் 5,000 போய்விட்டது. அந்தக் கால 20 ரூபாய் ஆரஞ்சு, 50 ரூபாய் ஊதா. சின்னக் குழந்தைக்குக் கூட வித்தியாசம் தெரியும். எனக்குத் தெரியவில்லை. வாங்கிப்போனவர் திரும்பி வரவே இல்லை. 3,000 ரூபாயைக் கைக்காசு போட்டுக் கட்டினேன். அந்தக் கதைக்குப் பத்திரிகை கொடுத்தது 100 ரூபாய்.

அந்த வாரம் எங்கள் ஹெட் கேஷியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஏதாவது சொல்வார் என்று பயந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து நான் அவரைப் பார்க்க ஆரம்பித்தேன். ரிடையர் ஆக மூன்று வருஷம் பாக்கி இருந்த மனிதர். சாயங்காலம் கேஷ் டேலி ஆனதும் எந்த நோட்டு எத்தனை என்று புத்தகத்தில் எழுதுவார். பெட்டியை இரும்பு அறைக்குள் வைத்து அவர் ஒரு சாவி, ஆபீசர் ஒரு சாவி போட்டுப் பூட்டுவார்கள். பிறகு அவர் இடத்துக்கு வந்து, விரல் நனைக்கும் ஸ்பாஞ்சைப் பிழிவார். தண்ணீரை ஜன்னல் வழியாகக் கொட்டுவார். அந்தச் சின்னக் கிண்ணத்தை ஜன்னல் திட்டில் கவிழ்த்து வைப்பார். டிபன் கேரியரை எடுப்பார். அதற்கப்புறம் கிண்ணம் நிமிராது. மேனேஜரே வந்து நாளைக்குப் பணம் அனுப்ப வேண்டியதைப் பற்றிப் பேச்செடுத்தாலும், "கேஷ் உள்ளே போயாச்சு சார், காலைல பேசுவோம்" என்பார். மரியாதையாகத்தான் சொல்வார். ஆனால் அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது. பத்து நிமிஷத்தில் பஸ் ஸ்டாண்டில் வேர்க்கடலை கொறித்தபடி எங்களோடு சினிமா பேசிக்கொண்டிருப்பார். வேலையில் அவரைப் போல் சுத்தமான ஆளை நான் பார்த்ததில்லை. ஏன் என்று புரிய எனக்குக் கொஞ்ச காலம் ஆயிற்று. ராத்திரி முழுக்கப் பணத்தை மண்டையில் எண்ணிக்கொண்டிருக்காதவர் காலையில் கையால் எண்ணும்போது தப்பு செய்வதில்லை.

எழுவதற்கு நேரம் சொல்ல இன்றைக்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கடையைக் கட்டுவதற்கு நேரம் சொல்ல ஆள் இல்லை. உங்கள் நோய் காலையில் இல்லை ர., ராத்திரி பத்துக்கும் பதினொன்றரைக்கும் நடுவில் இருக்கிறது. அந்த ஒன்றரை மணி நேரத்தில் உண்மையில் என்ன செய்கிறீர்கள் என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். வாட்ஸாப் குரூப்பில் யாரோ எதையோ கேட்பார்கள், நாளை சொன்னால் போதும், இன்றே சொல்வீர்கள். என் மருமகளும் உங்கள் துறைதான். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். மெய்யாகவே சிஸ்டம் விழுந்து கிடக்கிற ராத்திரிகள் உண்டு, மறுக்கவில்லை. மாதத்தில் எத்தனை?

எங்கள் ஹெட் கேஷியரைப் பார்த்து நான் ஒன்றைத்தான் எடுத்துக்கொண்டேன். வங்கி வேலை முடிந்ததும் கிளம்பும் முன் ஒரு துண்டுச்சீட்டில் மூன்று வரி: இன்று முடிந்தது, முடியாமல் நிற்பது, நாளை காலை முதலில் தொட வேண்டியது. அதை டிராயரில் போட்டுப் பூட்டிவிடுவேன். முடியாமல் நிற்பதை எழுதி வைப்பதுதான் முக்கியம். எழுதாவிட்டால் அது பஸ்ஸில் கூடவே வரும், சாப்பிடும்போது பக்கத்தில் உட்காரும். நீங்கள் பத்து மணிக்கு அந்த மூன்று வரியை எழுதிவிட்டு லேப்டாப்பைப் பையில் போட்டுப் பையை பீரோவில் வையுங்கள். டைனிங் டேபிளில் திறந்து கிடக்கிற லேப்டாப் நிமிர்ந்து கிடக்கிற ஸ்பாஞ்ச் கிண்ணம்.

காலையில் ஏழு மணிக்கு எழுந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. வேன் போனதும் ஒன்பதுக்கு உட்காருங்கள். முக்கால் மணி நேரம், எழுத்து மட்டும். தியானம், பச்சைத் தண்ணீர் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பச்சைத் தண்ணீரை நான் என்றைக்குமே பரிந்துரைக்க மாட்டேன். செல்போன் அடுத்த அறையில் இருக்கட்டும். அந்த ஆப்பை அழித்துவிடுங்கள். டிக் விழுகிற சுகத்தில் எழுத்தும் பல் தேய்ப்பதும் ஒரே எடை ஆகிவிடுகிறது.

சமநிலை என்கிறீர்கள். எனக்கு அந்தச் சொல்லில் நம்பிக்கை குறைவு. தராசு முள் நடுவில் நிற்பது கண் இமைக்கும் நேரம்தான். மார்ச் மாதக் கடைசி இரண்டு வாரம் எங்களுக்கு இயர் எண்டிங். ராத்திரி பத்து, பதினொன்று ஆகும். அந்த நாட்களில் ஒரு வரி கூட எழுத மாட்டேன், எழுதவில்லையே என்று வருத்தப்படவும் மாட்டேன். ஏப்ரலில் திருப்பி எடுத்துக்கொள்வேன். ஒவ்வொரு நாளையும் தராசில் வைத்தால் தினமும் குறைதான் தெரியும். வருஷத்தை வைத்துப் பாருங்கள்.

உ.வே.சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த 1880-இல்தான் சேலம் இராமசாமி முதலியார் அவரைச் சீவக சிந்தாமணி பக்கம் திருப்பினார். பாடம் நடத்திக்கொண்டே, மிஞ்சிய நேரத்தில் ஏட்டோடு ஏடு ஒப்பிட்டு, அது அச்சாகி வந்தது 1887-இல். ஏழு வருஷம். அதில் எத்தனை நாள் ஏட்டைத் தொடாமலே போயிருக்கும்!

எழுதியதை அனுப்பலாமா என்று கேட்காமல் விட்டதற்கு நன்றி. இப்போது அனுப்ப வேண்டாம். நவம்பரில் அமெரிக்காவில் கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்கள். உங்கள் எட்டரை மீட்டிங் ஒன்பதரைக்குப் போய்விடும். அதற்குப் பிறகும் பத்தரைக்காவது பை பீரோவுக்குள் போகிறதா என்று பார்த்து எழுதுங்கள். ஒன்பது மணிக்குக் காபியை யார் போடுகிறார்கள் என்பதையும்.

அன்புடன்