ஆம்னி ஓட்டுகிறவனுக்குப் பங்கு எவ்வளவு?

கேள்வி: அக்கா, நான் சென்னையில் இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் திண்டிவனம் பக்கம். அப்பா அரசு பஸ் கண்டக்டர். காலேஜ் நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு பேண்ட் நடத்துகிறோம். நான் பேஸ் கிட்டார். மாமா தன்னுடைய பழைய மாருதி ஆம்னியை எனக்குக் கொடுத்துவிட்டார். 15 வருஷம் முடிய இன்னும் எட்டு மாதம்தான் இருக்கிறது. ஆர்சி இன்னும் மாமா பெயரில்தான். டிரம் செட், ஆம்ப் எல்லாம் அதில்தான் போகும். பெட்ரோல், டோல் என் கைக்காசு. வண்டி என்னுடையது என்பதால் மற்றவர்களிடம் கேட்கக் கூச்சம்.

போன மாதம் பாண்டிச்சேரியில் 15,000 ரூபாய்க்கு ஒரு ஷோ. மேல்மருவத்தூர் தாண்டியதும் வண்டி ஆவி கக்கி நின்றுவிட்டது. சவுண்ட் செக்குக்குப் போய்ச் சேர முடியவில்லை, ஷோ சொதப்பல். "உன் டப்பா வண்டியால மானமே போச்சுடா" என்று லீட் கிட்டார் வாசிப்பவன் எல்லோர் முன்னாலும் கத்தினான். டிரம்மர் ஜாமிங் ஒத்திகைக்கு வாராவாரம் ஒரு மணி நேரம் லேட். அவனை ஒருவரும் கேட்பதில்லை.

ஹெட் கேஸ்கெட் மாற்ற 9,000 ஆனது. ஃபீஸ் கட்ட அப்பா அனுப்பிய பணத்தில் எடுத்துவிட்டேன். அதைச் சரிக்கட்ட லோன் ஆப்பில் 6,000 வாங்கினேன். வண்டி இன்ஷூரன்ஸ் முடிந்து இரண்டு மாதம். இதற்கு நடுவில், நான் டியூன் போட்டு எங்கள் பாடகன் வரி எழுதிய பாட்டை அவன் தன் பெயரில் மட்டும் யூடியூபில் ஏற்றியிருக்கிறான். வண்டியை விற்றுவிடவா? பேண்டை விட்டுவிடவா? அப்பாவிடம் சொல்லிவிடவா? அடுத்த மாதம் மறுபடியும் பாண்டியில் ஷோ.
– பெயர் வேண்டாம், சென்னை

பதில்:

தம்பி, கடைசியில் கேட்டதற்கு முதலில் சொல்கிறேன். அப்பாவிடம் இந்த வாரமே சொல்லுங்கள். ஃபீஸ் கட்டவில்லை என்று காலேஜிலிருந்து போன் போவதற்கு முன்னால் உங்கள் வாயால் அவருக்குத் தெரிய வேண்டும். அவர் ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் டிக்கெட் கணக்கு எழுதி, இரவில் டிப்போவில் பைசா குறையாமல் கட்டிவிட்டு வீட்டுக்கு வருகிறவர். "செலவாயிடுச்சுப்பா" என்று மொட்டையாகச் சொன்னால்தான் அவருக்குக் கோபம் வரும். ஒரு தாளில் தேதி, தொகை, எதற்கு என்று எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். திட்டு விழும், வாங்கிக்கொள்ளுங்கள். காலேஜ் ஆபீசில் இரண்டு தவணையாகக் கட்ட அனுமதி கேட்டு ஒரு கடிதமும் கொடுங்கள். கேட்கிற பிள்ளைகளுக்குப் பல காலேஜ்களில் தருகிறார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால், 2024-ல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறதா என்று அதே ஆபீசில் கேட்டுப் பாருங்கள்.

அடுத்த வேலை லோன் ஆப். மற்ற எல்லாக் கடனுக்கும் முன்னால் அதை அடைத்துவிடுங்கள். 2022-ல் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, ஆப் மூலம் கடன் கொடுத்தாலும் அதற்குப் பின்னால் இருக்கும் வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் பெயரையும், எல்லாக் கட்டணமும் சேர்த்து ஆண்டு வட்டி எத்தனை சதவீதம் என்பதையும் ஒரே தாளில் காட்டியாக வேண்டும். உங்கள் போனில் உள்ள நம்பர்களை அந்த ஆப் எடுக்கக் கூடாது. அந்தத் தாள் வரவில்லை, காண்டாக்ட் அனுமதி கேட்டது என்றால் அது சரியான இடம் இல்லை. ஒன்றுவிட்ட அத்தைக்கெல்லாம் போன் போட்டு மிரட்டுகிற கூட்டமாக இருந்தால் தயங்காமல் 1930-க்கு அடியுங்கள்.

இனி உங்கள் கடிதத்தில் என் கண்ணை உறுத்திய வரிக்கு வருகிறேன். பெட்ரோல், டோல் என் கைக்காசு என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உட்கார்ந்து கூட்டிப் பார்த்தீர்களா? சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாகப் பாண்டி போய் வர 320 கிலோமீட்டர் என்று வையுங்கள். ஐந்து பேர், டிரம் செட், ஆம்ப் எல்லாம் ஏற்றினால் ஆம்னி லிட்டருக்கு 13 கொடுத்தாலே பெரிது. 25 லிட்டர், லிட்டர் 100 ரூபாய்க்கு மேல். ஆக 2,500 ரூபாய் பெட்ரோலுக்கே போய்விட்டது. 15,000-ஐ ஐந்தாகப் பிரித்தால் உங்கள் பங்கு 3,000. பரனூரிலும் ஆத்தூரிலும் ஃபாஸ்டேகில் போனதையும் கழியுங்கள். நால்வர் ஆளுக்கு மூவாயிரம் எடுத்துக்கொண்டு போக, உங்கள் கையில் மிஞ்சியது ஒரு பிரியாணிக்குக் காணாது. அதற்குப் பிறகு 9,000 ரூபாய் கேஸ்கெட். நீங்கள் சம்பளம் இல்லாத டிரைவராகப் போய், சொந்தக் காசு போட்டு, கடைசியில் வசவும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள்.

அந்த நாலு பேரும் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. கேட்காத கணக்கு யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான். ஆனால் சொல்லாமல் வைத்திருந்த கணக்கு உங்களுக்குள் புழுங்கிக்கொண்டே இருக்கிறது. டிரம்மர் லேட்டாக வந்தால் உங்களுக்கு மட்டும் அதிகமாக எரிகிறதே, அதில் பாதி இந்த 2,500 ரூபாய். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று உங்களுக்குப் படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர்கள் பார்வையில் நீங்கள் வண்டி வைத்திருக்கிற வசதியான ஆள்!

பேசுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் வேண்டாம். ஷோ முடிந்த அசதியிலும் வேண்டாம். பகலில் ஒரு டீக்கடையில் ஐந்து பேரும் இருக்கும்போது, "இனிமே வர்ற காசுல முதல்ல பெட்ரோல், டோல் கழிப்போம். வண்டித் தேய்மானத்துக்குக் கிலோமீட்டருக்கு மூணு ரூபா. மீதியைத்தான் அஞ்சாப் பிரிக்கணும்" என்று நேராகச் சொல்லுங்கள். அதே பாண்டி ஷோவை இந்தக் கணக்கில் போட்டால் ஆளுக்குச் சுமார் 2,200 வரும். முகம் சுளிப்பார்கள். 3,000 வாங்கிப் பழகிய கைக்கு 2,200 குறைச்சலாகத்தான் தெரியும். அந்த எண்ணூறு இதுவரை யார் பாக்கெட்டிலிருந்து போனது என்று கேளுங்கள், போதும். ஜாம் ரூமுக்கும் அதே வழி. மணிக்கணக்கில்தானே வாடகை? லேட்டாக வருகிறவர் அந்த முதல் மணி நேர வாடகையைக் கொடுத்துவிட வேண்டும். இரண்டு வாரத்தில் கடிகாரம் பார்க்கக் கற்றுக்கொள்வார்.

பாட்டு விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. குவீன் பேண்டைத் தெரிந்திருக்கும். 1975-ல் அவர்களுடைய ‘பொஹீமியன் ராப்சடி’ இசைத்தட்டு வந்தபோது, அதன் மறுபக்கத்தில் டிரம்மர் ரோஜர் டெய்லர் ஒரு காரைக் காதலிப்பதாக எழுதிப் பாடிய ஒரு பாட்டு இருந்தது. நிஜமாகவே காரைத்தான்! தட்டு விற்கிற ஒவ்வொரு தடவையும் இரண்டு பக்கத்துக்கும் ராயல்டி சமம். ஊரே முன்பக்கத்துக்காக வாங்க, பின்பக்கத்துக்காரருக்கும் அதே பணம். அதனால் அவர்களுக்குள் வந்த மனக்கசப்பு பல வருஷம் ஓடியது. 1989-ல் வந்த ஆல்பத்தில்தான், யார் எழுதினாலும் நால்வர் பெயரிலும் போடுவது என்று முடிவெடுத்தார்கள். உலகம் சுற்றிய பேண்டுக்கே அதற்குப் பதினாலு வருஷம் பிடித்தது. நீங்கள் ஒரு மாலையில் முடித்துவிடலாம்.

நம் சட்டத்தில் டியூன் தனி, வரிகள் தனி. டியூன் போட்டவர் அதற்கு உரிமையாளர், எழுதியவர் வரிக்கு உரிமையாளர். ஆக அந்தப் பாட்டில் பாதி உங்களுடையது, பாடகன் ஏற்றிவிட்டதால் அது மாறிவிடாது. 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்திய பிறகு, பாட்டு பதிவாகி வெளிவரும்போது இசையமைத்தவருக்கும் எழுதியவருக்கும் வரவேண்டிய ராயல்டியை அவர்களே நினைத்தாலும் முழுசாக விட்டுக்கொடுத்துவிட முடியாது. ஆனால் சட்டத்தை எடுத்துக்கொண்டு போய்ச் சண்டைக்கு நிற்காதீர்கள். வீடியோவின் கீழே "இசை: இன்னார், வரிகள்: இன்னார்" என்று மாற்றச் சொல்லுங்கள். மாற்றுவதற்கு இரண்டு நிமிஷம் ஆகாது. அப்படியே ஒரு தாளில் ஒவ்வொரு பாட்டுக்கும் யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதி, ஐவரும் கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவன் மாட்டேன் என்றால், பேண்டை விடலாமா என்ற உங்கள் கேள்விக்கு அதுவே பதில். மாற்றிவிட்டான் என்றால் விடாதீர்கள். ‘டப்பா வண்டி’ என்று கத்தினவனைக்கூட மன்னித்துவிடலாம், கோபத்தில் வந்த வார்த்தை. பெயரை மறைப்பது அந்த ரகம் இல்லை.

இப்போது வண்டி. இன்ஷூரன்ஸ் போடும்வரை சாவியைத் தொடாதீர்கள். போலீஸ் பிடித்தால் முதல் தடவை அபராதம் 2,000 ரூபாய் என்பதோடு போனால் பரவாயில்லை. யார் மேலாவது இடித்துவிட்டால் நஷ்ட ஈடு முழுவதும் உங்கள் தலையில். உங்கள் தலையில் என்றா சொன்னேன்? ஆர்சியில் இருப்பது மாமா பெயர். வண்டியைக் கைமாற்றிவிட்டாலும், பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆசையாகத் தூக்கிக் கொடுத்த மனுஷனைக் கோர்ட்டில் நிறுத்தப் போகிறீர்களா? ஆம்னி 796 சிசி. 1,000 சிசிக்குள் அடங்குகிற காருக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் 2022 அறிவிப்பின்படி 2,094 ரூபாய், வரி தனி. உங்கள் கேஸ்கெட் செலவில் ஏறத்தாழ கால் பங்கு. இன்னொன்று, வெள்ளை போர்டு வண்டியை வேறு பேண்டுகளுக்கு வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

மெக்கானிக்கிடம் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது: "ஹெட்டை லேத்துக்கு அனுப்பி ஃபேசிங் பண்ணீங்களா?" ஹெட் என்பது இன்ஜினின் மேல்பகுதி, அதன் அடியில் வைக்கிற தகடுதான் கேஸ்கெட், ஹெட்டின் அடிப்பக்கத்தைத் தேய்த்துச் சமமாக்குவது ஃபேசிங். ஆம்னியின் ஹெட் அலுமினியம். ஒரு தடவை நன்றாகச் சூடேறினால் வளைந்துவிடும். வளைந்த ஹெட்டின் மேல் புது கேஸ்கெட்டை வைத்துப் பூட்டினால் சில மாதத்தில் மறுபடியும் போகும். கேஸ்கெட் போனது கடைசியில் நடந்தது, வண்டி ஏன் சூடானது என்பதுதான் கண்டுபிடிக்க வேண்டியது. ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறதா, தெர்மோஸ்டாட் திறக்கிறதா, ஹோஸில் கசிவு உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். சென்னை போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றி ஓட்டியிருந்தால் உள்ளே உப்பு அடைத்திருக்கும், அதனால் தண்ணீர் வேண்டாம், கூலன்ட் ஊற்றுங்கள். வாரம் ஒரு முறை, இன்ஜின் ஆறியிருக்கும்போது முன் சீட்டைத் தூக்கி ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் கூலன்ட் அதற்குள் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அப்போது ஸ்டார்ட் செய்யவே கூடாது. ஓட்டும்போது டெம்பரேச்சர் முள் ஏறினால் ‘இன்னும் அஞ்சு கிலோமீட்டர்தானே’ என்று விரட்டாமல் ஓரம் கட்டுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும்.

இத்தனையும் சொல்லிவிட்டு, விற்றுவிடுங்கள் என்றே சொல்வேன். 15 வருஷம் முடிந்தால் ஆர்சி புதுப்பிக்க 2022 ஏப்ரலிலிருந்து கட்டணம் மட்டும் 5,000 ரூபாய். அதற்கு மேல் பசுமை வரி, எஃப்.சி.யில் தேற டிங்கரிங், பெயிண்ட். தாமதித்தால் மாதத்துக்கு 500 அபராதம். அப்பா பணத்தில் படிக்கிற வயதில் இந்த யானைக்குத் தீனி போட உங்களால் ஆகாது. ஆம்னி 2019-லேயே தயாரிப்பு நின்றுபோன வண்டி. ஆனாலும் காய்கறி விற்பவர், எலக்ட்ரீஷியன், கேட்டரிங்காரர் என்று தேடி வாங்க ஆள் இருக்கிறது. ஆர்சி உயிரோடு இருக்கிற இந்த எட்டு மாதத்துக்குள் விற்றால்தான் அதற்கு விலை. அதுவரை ரிப்பேருக்கு மொத்தம் 3,000 என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஹெட் மறுபடி போனால் அப்படியே புதுப்பேட்டையில் பழைய வண்டி உடைக்கிறவர்களிடம் தள்ளிவிடலாம். பெயர் மாற்ற 29, 30 ஆகிய இரண்டு படிவத்திலும் மாமா கையெழுத்து வேண்டும். எனவே முதல் போன் அவருக்கு. "பாத்துச் செய்யுடா" என்றுதான் சொல்வார் என்று நினைக்கிறேன். வருகிற பணத்தை என்ன செய்வது என்பதையும் அவரையே கேளுங்கள்.

அடுத்த மாதப் பாண்டி ஷோவுக்கு ஆம்னி வேண்டாம். அமைப்பாளருக்கு இன்றைக்கே போன் செய்து, மேடையில் டிரம் செட்டும் ஆம்ப்பும் பேக்லைனாகத் தர முடியுமா என்று கேளுங்கள். சவுண்ட் வாடகைக்காரர்கள் பெரும்பாலும் வைத்திருப்பார்கள். கிடைத்துவிட்டால் டிரம்மர் ஸ்னேர், சிம்பல், பெடல் எடுத்தால் போதும். நீங்கள் ஆளுக்கொரு கிட்டார் பையோடு பஸ் ஏறலாம். பாண்டிக்கு பஸ்ஸுக்கா பஞ்சம், எந்த பஸ் எப்போது என்று அப்பாவையே கேட்கலாம். பேக்லைன் இல்லை என்றால் ஒரு குட்டி யானைக்குப் போக வர என்ன வாடகை என்று விசாரித்து, அதை 15,000-க்கு மேல் தனியாகக் கேளுங்கள். முடியாது என்று சொன்னால் அந்த ஷோவை விட்டுவிடுங்கள். ஒப்புக்கொண்டால், சவுண்ட் செக் மாலை 4 மணிக்கு என்றால் காலை 10 மணிக்கே கிளம்புங்கள், டிரம்மரிடம் மட்டும் 9 என்று சொல்லி வையுங்கள்.