வேலைக் களைப்புக்கும் பர்ன்அவுட்டுக்கும் என்ன வித்தியாசம்? வராமல் தடுக்க முடியுமா?

இரண்டு நாள் நன்றாகத் தூங்கி எழுந்தால் போய்விடுவது களைப்பு. ஒரு வாரம் ஊருக்குப் போய் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு வந்தும், திங்கட்கிழமை லேப்டாப்பைத் திறந்த பத்தாவது நிமிடம் நெஞ்சு கனத்தால் அது வேறு; அதுதான் பர்ன்அவுட், வேலை அழுத்தம் நீண்டுகொண்டே போய் உள்ளுக்குள் எரிந்து தீர்ந்துபோவது.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதை நோயாக அல்ல, வேலை சார்ந்த ஒரு நிலையாக வரையறுத்தது. அடையாளங்கள் மூன்று: சக்தி வற்றிப்போவது, வேலைமேல் வெறுப்போ விலகலோ வருவது, திறமை குறைந்துவிட்டதாகத் தோன்றுவது. நடுவில் இருப்பதைத்தான் நாம் கவனிப்பதில்லை. நான் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் சப்போர்ட் வேலையில் இருந்தபோது, வாடிக்கையாளர் அனுப்பிய டிக்கெட்டை, அதாவது புகாரை, படிக்கும் முன்பே 'இவனுக்கு வேற வேலையே இல்ல' என்று முணுமுணுக்க ஆரம்பித்தேன். குளிக்கும்போது அடிக்காத போன் அடிப்பது மாதிரி கேட்டது. அப்போதும் சோம்பேறி ஆகிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

சரி, தடுப்பது? யோகா, தியானம் எல்லாம் நல்லதுதான், ஆனால் மூன்று பேர் வேலையை ஒருவர் பார்க்கும் இடத்தில் மூச்சுப் பயிற்சி எவ்வளவு தூரம் காப்பாற்றும்? பர்ன்அவுட்டைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக், பணிச்சுமையோடு, வேலை நம் கட்டுப்பாட்டில் இல்லாதது, அங்கீகாரமும் நியாயமும் கிடைக்காதது போன்றவற்றையும் காரணங்களாகச் சொல்கிறார். அதனால் மேலாளரிடம் 'கஷ்டமா இருக்கு' என்று பொதுவாகச் சொல்லாமல், கையில் இருக்கும் வேலைகளை எழுதிக்கொண்டு போய், இந்த வாரம் எதைத் தள்ளிவைக்கலாம் என்று கேளுங்கள். இரவு அழைப்புகளுக்கு முறை வைக்கச் சொல்லுங்கள். அப்புறம், வேலைக்கு வெளியேயும் எதிலும் மனம் ஒட்டவில்லை, தூக்கமும் பசியும் போய்விட்டது என்றால் அது மனச்சோர்வு நோயாகவும் இருக்கலாம், தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.