லேடீஸ் சீட்டில் பார்த்த ஒளிவரிசை

ஐயா, வணக்கம். பொங்கல் லீவில் குடும்பத்தோடு ஏற்காடு போயிருந்தோம். அங்கே லேடீஸ் சீட் என்ற காட்சி முனையில் நின்று சேலத்து விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மணி 7.05 இருக்கும். தென்மேற்கிலிருந்து இருபதுக்கும் மேற்பட்ட வெளிச்சப் புள்ளிகள் ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. துளி சத்தம் இல்லை. உச்சியைத் தாண்டி கிழக்கே கொஞ்சம் இறங்கியதும் முதல் புள்ளி அணைந்தது. அடுத்ததும் அதே இடத்துக்கு வந்ததும் அணைந்தது. கடைசிவரை இப்படியே. வானத்தில் மேகமே இல்லை. என் மாமியார் கெட்ட சகுனம் என்று மறுநாளே ஊர் திரும்ப வைத்துவிட்டார். சொந்தக்காரர்கள் குரூப்பில் பறக்கும் தட்டு என்கிறார்கள். என்ன அது?

க., அம்மாபேட்டை, சேலம்

அன்புள்ள க.,

நீங்கள் பார்த்தது ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் 2019 மே மாதத்திலிருந்து இவற்றைக் கொத்துக் கொத்தாக ஏவுகிறது. அந்த முதல் கொத்தில் மட்டும் 60. ஏவிய சில நாட்களுக்கு எல்லாம் ஒரே வரிசையாகத் தாழ்வாகச் சுற்றும். அப்புறம் மேலேறிப் பிரிந்துவிடும், ரயிலும் கலைந்துவிடும்.

இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் உங்கள் கடிதம்தான். நேரம், திசை எழுதியிருக்கிறீர்கள். அதைவிட, 'அதே இடத்துக்கு வந்ததும் அணைந்தது' என்ற வரி. அதைப் படித்ததும் எனக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று.

ஒரு சாயங்காலம் உங்கள் மொட்டைமாடியில் நின்று வடக்கே பாருங்கள். தெருவில் வெயில் போய்விட்டிருக்கும், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை உச்சியில் மட்டும் மஞ்சள் வெயில் இன்னும் சில நிமிடம் நிற்கும். 1,500 மீட்டர் உயரத்துக்கே அப்படி என்றால் 300 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு மணி நேரம்கூட நிற்கும். உங்களுக்கு இருட்டிவிட்டது, அவற்றின் மேல் இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அந்த வெயில்தான் உங்கள் கண்ணில் பட்டது. கிழக்கே போகப் போக பூமியின் நிழல் வந்துவிடுகிறது. முதல் பெட்டி நிழலுக்குள் நுழைந்த அதே இடத்தில்தான் அடுத்ததும் நுழையும். அதனால்தான் வரிசையாக அணைந்தன.

பயந்துபோன மாமியாரை யாரும் கேலி செய்யாதீர்கள். பத்து வயதில் நானும் இதே மலையைப் பார்த்துப் பயந்தவன். அப்போது கன்னங்குறிச்சியில் இருந்தோம். ஒரு மழை இரவில், வடக்கு வானத்தில் அந்தரத்தில் ஒரு வெளிச்சம் நகர்ந்தது, மறைந்தது, கொஞ்சம் கீழே மறுபடி வந்து எதிர்ப்பக்கமாக நகர்ந்தது. போர்வைக்குள் போய்ப் படுத்துக்கொண்டேன். மறுநாள் காலை அப்பா என்னை அதே இடத்தில் நிறுத்தி, என் கையைப் பிடித்து நீட்டி, சுண்டு விரல் காட்டிய இடத்தைப் பார்க்கச் சொன்னார். மலைப்பாதையின் ஒரு வளைவு. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒரு லாரி இறங்கியிருக்கிறது. மேகம் மலையின் உருவத்தை மறைத்துவிட்டதால் லைட் மட்டும் வானத்தில் தொங்கியிருக்கிறது.

கையை நீட்டி அளக்கும் அந்தப் பழக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. நீட்டிய கையில் சுண்டு விரல் அகலம் ஒரு பாகை (டிகிரி), மூடிய முஷ்டி பத்துப் பாகை. இனி எதைப் பார்த்தாலும் வீடியோ எடுப்பதற்கு முன் மணியைப் பாருங்கள், எத்தனை முஷ்டி உயரம் என்று அளந்துகொள்ளுங்கள். போன் வீடியோவில் பெரும்பாலும் ஆடும் புள்ளிதான் மிஞ்சும்.

ஒரு வருத்தமும் உண்டு. நீண்ட நேரம் ஒளி வாங்கி எடுக்கும் வானப் படங்களில் இந்தச் செயற்கைக்கோள்கள் வெள்ளைக் கோடு கிழித்துவிடுகின்றன. உலகம் முழுக்க வானியலாளர்கள் இதைப் பற்றிக் கவலையோடு பேசிவருகிறார்கள். எனக்கும் அந்தக் கவலை உண்டு.

சரி, மாமியார் விஷயம். சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. சிமிட்டாத ஒற்றை வெளிச்சமாக ஐந்தாறு நிமிடத்தில் வானத்தைக் கடந்துவிடும். சேலத்தில் எப்போது, எந்தத் திசையில் தெரியும் என்பது இணையத்தில் முன்கூட்டியே கிடைக்கும். பார்த்து வைத்துக்கொண்டு, 'இன்னும் பத்து நிமிஷத்துல அந்தப் பக்கம் ஒண்ணு வரும், அத்தை' என்று சொல்லி மாடிக்கு அழைத்துப் போங்கள். அது வந்ததும் அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.