தம்பிக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

கேள்வி: என் தம்பி ஆறு வருடம் சிறையில் இருந்துவிட்டுப் பங்குனியில் வெளியே வந்தான். திருச்சி மத்திய சிறைக்குள் இருக்கும் ஐடிஐ-யில் வெல்டர் படித்துச் சான்றிதழ் வைத்திருக்கிறான். இரண்டு பட்டறைகளில் சேர்ந்தான். விஷயம் தெரிந்ததும் நிறுத்திவிட்டார்கள். இப்போது வீட்டிலேயே கிடக்கிறான். இனி எதையும் சொல்லாமல் வளைகுடாவுக்கு அனுப்பிவிடலாமா?
- பெயர் வேண்டாம், துறையூர்

பதில்: வேண்டாம் அம்மா. ஒழுக்கக்கேடான குற்றத்துக்கு இரண்டு வருடமோ அதற்கு மேலோ தண்டனை வாங்கியவர், தீர்ப்பு வந்து 5 வருடத்துக்குள் விண்ணப்பித்தால் பாஸ்போர்ட் மறுக்கலாம் என்று 1967-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. தீர்ப்புத் தேதியை எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பாருங்கள். மறைத்து விண்ணப்பித்தால் அது தனி வழக்காகிவிடும்.

சரி, உள்ளூருக்கு வருவோம். நான் ஐடிஐ-யில் வெல்டிங் சொல்லிக்கொடுத்தவன். அதில் நாலு வருடம் ஒரு சிறைக்குள். அங்கே சாயங்காலம் சிப்பிங் சுத்தி, இடுக்கி, கம்பி பிரஷ் எல்லாவற்றையும் எண்ணி ஒப்படைத்த பிறகுதான் யாரும் நகர முடியும். என்னிடம் படித்த ஒருவர் வெளியே வந்து ஒரு சின்ன பேப்ரிகேஷன் பட்டறையில் சேர்ந்தார். முதல் நாள் வேலை முடிந்ததும் சாமான்களைத் துடைத்து, வரிசையாக அடுக்கி, பக்கத்திலேயே நின்றிருக்கிறார். "ஏன்யா இன்னும் கிளம்பலை?" என்று முதலாளி கேட்க, "எண்ணிக்கோங்கண்ணே" என்றாராம். அந்த முதலாளி என்னிடம் சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மிவிட்டது. ஆறு மாதத்தில் சாமான் அறைச் சாவி இவர் கைக்கு வந்தது.

அந்த முதலாளிக்கு எல்லாம் முதலிலேயே தெரியும். இவரே போய்ச் சொல்லியிருந்தார். உங்கள் தம்பியை நிறுத்தியவர்கள் சிறை என்பதற்காக மட்டும் நிறுத்தியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். டீக்கடையில் யாரோ சொல்லித் தெரிந்துகொள்வது எந்த முதலாளிக்கும் வலிக்கும். அதனால் அடுத்த இடத்தில் தம்பியே வாயைத் திறக்கட்டும். என்ன வழக்கு, எத்தனை வருடம், எப்போது விடுதலை, இரண்டு வரி போதும். அப்புறம் "ஒரு தகடு கொடுங்கண்ணே, போட்டுக் காட்டுறேன்" என்று கேட்கட்டும். நாலைந்து பேர் முடியாது என்பார்கள். அதற்கு நீங்களும் மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள்.

சான்றிதழைவிட அந்தத் தகடுதான் பேசும். செங்குத்தாக நிறுத்திய தகட்டில் கீழிருந்து மேலே ஒரு ரன், அதாவது ஒரே கோடாக வெல்டிங், போடச் சொல்வார்கள். கசடு உள்ளே மாட்டாமல், ஓரத்தில் பள்ளம் விழாமல், கோடு ஒரே அகலமாக ஏற வேண்டும். வீட்டிலிருந்தால் கைப்பழக்கம் போய்விடும். தெரிந்த பட்டறையில் சாயங்காலம் ஒரு மணி நேரம் கழிவுத் தகட்டில் பழகக் கேளுங்கள், 3.15 மி.மீ. வெல்டிங் ராடு ஒரு பாக்கெட்டும் ஹெல்மெட்டும் தோல் கையுறையும் நீங்களே வாங்கிக் கொடுங்கள். துவாக்குடிப் பக்கம் பெல் தொழிற்சாலையை நம்பி வளர்ந்த சின்ன யூனிட்டுகள் நிறைய உண்டு, அங்கிருந்து தொடங்கலாம். விடுதலையானவர்களுக்குத் தொழிற்கருவி, உதவித்தொகை பற்றி உங்கள் மாவட்ட நன்னடத்தை அலுவலரிடம் விசாரியுங்கள்.

சேர்ந்ததும் எனக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.