சனிக்கிழமை வராத அப்பா

கடிதம்:
அக்கா, நான் மதுரைல இருக்கேன். பையனுக்கு பதினொண்ணு, பாப்பாவுக்கு ஏழு. டைவர்ஸ் ஆகி ரெண்டு வருஷம். அவங்க அப்பா ராமேஸ்வரத்துல விசைப்படகுக்குப் போறவர். மாசம் ரெண்டு சனிக்கிழமை வந்து பாக்கலாம், முழாண்டு லீவுல பாதி அவர்கிட்டன்னு கோர்ட் ஆர்டர். சனிக்கிழமை பாதி தடவை வர்றதே இல்ல, இப்ப மே மாசம் முழுக்க வேணுமாம். போன வருஷம் போய் கறுத்துப்போய் வந்தாங்க, வந்ததும் அப்பத்தா வீடு அப்பத்தா வீடுன்னு ஒரே பேச்சு. வருஷம் பூரா பாடுபடுறது நான், ஜாலி மட்டும் அவருக்கா? அனுப்பணுமா?

பதில்:
தங்கச்சி, பாதி லீவு ஆர்டர்ல இருக்கு, அத குடுத்துத்தான் ஆகணும். அதுக்கு மேல உங்க இஷ்டம்.

ஆனா என் கண்ணு போய் நின்னது சனிக்கிழமைலதான். நானும் அந்தக் கரைக்காரிதான், ஊரு ராமேஸ்வரம் பக்கத்துல மண்டபம். ராமேஸ்வரத்துல விசைப்படகு கடலுக்குப் போறது திங்கள், புதன், சனி, மத்த நாள் நாட்டுப்படகுக்கு. சனிக்கிழமை காலைல மீன்வளத்துறைல டோக்கன் வாங்கிப் போனா ஞாயித்துக்கிழமை காலைலதான் கரை. தொழில் நாளா பாத்து ஆர்டர்ல போட்டிருக்காங்க, வக்கீல் எல்லாருக்கும் எழுதுற மாதிரி எழுதியிருப்பார், நீங்க ரெண்டு பேரும் அன்னிக்கு இருந்த கோவத்துல வாயத் தொறந்திருக்க மாட்டீங்க. அதுக்காக அவர நல்லவர்னு சொல்ல வரல, வரமுடியலன்னு முந்தின நாளே ஒரு போன் போட என்ன கேடு, புள்ளைங்க சட்டை மாட்டிட்டு வாசல்ல நிக்கும்ல.

மே மாசம் கேக்குறதும் இதனாலதான். ஏப்ரல் 15-லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம், புள்ளைங்க லீவும் அதுக்குள்ளதான் வருது, வருஷத்துல அவர் தொடர்ந்து தரைல இருக்குறது அப்பத்தான். ஆனா ஒண்ணு, தடைக்காலத்துல சில பேர் படகு மராமத்து, வலை வேலைன்னு இருப்பாங்க, சில பேர் கேரளாவுக்கு கூலிக்குப் போயிருவாங்க. நீங்க வீட்ல இருப்பீங்களா இல்ல அப்பத்தாகிட்ட விட்டுட்டுப் போயிருவீங்களான்னு அவர்கிட்ட நேராவே கேளுங்க. இருப்பார்னா நானா இருந்தா நாலு நாள் கூடவே விடுவேன்.

சனிக்கிழமைய ஞாயிறா மாத்த ரெண்டு பேரும் சேந்தே மனு போடலாம். வக்கீல் செலவுக்கு யோசிச்சா மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க, பொம்பளைங்களுக்கு வருமானம் பாக்காம இலவசமா வக்கீல் வச்சுக் குடுக்கணும்னு 1987 சட்டத்துலயே இருக்கு.

ஜாலி விஷயத்துல உங்க கோவம் நியாயம்தான். அதனால வேலையையும் பங்கு போடுங்க. லீவு வீட்டுப்பாடம் பாதி அங்க முடியணும், ஸ்கூல் தொறக்குறதுக்கு நோட்டு, பேக், ஷூ அவரே கடைக்குக் கூட்டிட்டுப் போய் வாங்கட்டும், பாப்பாவுக்கு ஷூ வாங்குறதுன்னா என்னன்னு அவரும் பாக்கட்டுமே!

அப்பத்தா பேச்ச மட்டும் அடக்காதீங்க. என் மகன் அவங்க அப்பா வீட்லருந்து வந்தா நண்டுக்குழம்பு, மாமாவோட படகுன்னு அளப்பான், நான் மூஞ்சத் தூக்கி வச்சுக்குவேன். ரெண்டாவது வருஷம் வந்தான், நல்லா இருந்துச்சும்மான்னான், அவ்வளவுதான், அதுக்கப்புறம் அவன் அங்க என்ன சாப்ட்டான்னு கூட எனக்குத் தெரியாது.

கூட்டிட்டுப் போறது விடுறதுக்கு பரமக்குடி பஸ் ஸ்டாண்ட் வச்சுக்கங்க, ரெண்டு பேருக்கும் பாதி வழி. கறுக்குறது கொஞ்ச நாள்ல போயிரும். பாப்பாவுக்கு நீச்சல் தெரியுமான்னு நீங்க எழுதவே இல்ல, அங்க கடல் கூப்பிடு தூரத்துலதான், அவர்கிட்ட மொதல்ல அதப் பேசுங்க.